இரு பக்கமும் நின்று பேசுதல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

வழக்குரைஞர் தம் கட்சிக்காரருக்காக மட்டுமே வாதிடுவார். எதிர்த்தரப்பின் நியாயத்தை எடுத்துரைப்பது அவர் கடமையன்று. ஆனால், சட்டம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு விந்தையான பயிற்சி உண்டு. ஒரே வழக்கில் இன்று ஒரு நாட்டுக்காகவும் நாளை அதன் எதிரி நாட்டுக்காகவும் அவர்கள் வாதிட வேண்டும். இப்பயிற்சி உலக அளவிலான போட்டியாக வளர்ந்துள்ளது. அதில் பங்கேற்கும் மாணவர்கள் பெறும் பட்டறிவையும், நெதர்லாந்து நாட்டின் தி ஹேக் நகருக்கு அவர்கள் மேற்கொள்ளும் கல்விப் பயணம் கற்பிக்கும் பாடத்தையும் இப்பகுதி எடுத்துரைக்கிறது.

மாதிரி நீதிமன்றம்

கற்பனையான ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, உண்மையான நீதிமன்றத்தில் நிகழ்வதைப் போலவே மாணவர்கள் வாதிட்டுப் பழகும் முறைக்கு மாதிரி நீதிமன்றம் என்று பெயர். ஆங்கிலத்தில் இதனை ‘மூட் கோர்ட்’ என்பர். ‘மூட்’ என்பது மக்கள் கூடிப் பேசும் அவையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது.

இடைக்கால இங்கிலாந்தில் சட்டம் பயில விரும்பியோர் இலண்டன் மாநகரின் ‘இன்ஸ் ஆஃப் கோர்ட்’ என்னும் விடுதிகளில் தங்கிக் கற்றனர். லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்னும் நான்கு விடுதிகள் இன்றும் உள்ளன. அச்சு நூல்கள் இல்லாத காலம் அது. எனவே கேட்பதும் பேசுவதுமே கல்வியாக இருந்தன. மூத்த வழக்குரைஞர்கள் நடுவர்களாக அமர, மாணவர்கள் கற்பனை வழக்குகளில் வாதிட்டனர். பதினேழாம் நூற்றாண்டில் அச்சு நூல்கள் பெருகியதாலும் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டதாலும் இம்மரபு நலிந்தது. பின்னர் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் அது புத்துயிர் பெற்றது.

இன்று இந்தியாவில் இப்பயிற்சி விருப்பப் பாடமன்று, கட்டாயப் பாடம். இந்திய வழக்குரைஞர் கழகம் 2008ஆம் ஆண்டு வகுத்த சட்டக்கல்வி விதிகள், மாதிரி நீதிமன்றப் பயிற்சியைப் பாடத்திட்டத்தின் ஒரு தாளாகவே அமைத்துள்ளன. அதன்படி மாணவர் ஒவ்வொருவரும் ஓராண்டில் குறைந்தது மூன்று மாதிரி வழக்குகளில் வாதிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண்கள். அவற்றில் பாதி எழுத்துரைக்கு. மறுபாதி வாய்மொழி வாதத்திற்கு. ஆகவே சென்னையிலோ மதுரையிலோ திருநெல்வேலியிலோ சட்டம் பயிலும் மாணவரும் இந்தப் படியைத் தாண்டியே பட்டம் பெறுகிறார்.

நாடுகளைக் கடந்த போட்டிகள்

வகுப்பறைப் பயிற்சி உலகப் போட்டியாக வளர்ந்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பிலிப் ஜெசப் பன்னாட்டுச் சட்ட மாதிரி நீதிமன்றப் போட்டியாகும். 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டே அணிகளுடன் இது தொடங்கியது. கியூபாவின் நிலச் சீர்திருத்தம் பற்றியதே முதற்போட்டியின் சிக்கல். அதை உருவாக்கிய ஸ்டீபன் ஷ்வேபெல் பிற்காலத்தில் பன்னாட்டு நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் 1997 முதல் 2000 வரை அதன் தலைவராகவும் விளங்கினார். பன்னாட்டு நீதிமன்றத்தில் 1961 முதல் 1970 வரை நீதிபதியாகப் பணியாற்றிய அமெரிக்கச் சட்ட அறிஞர் பிலிப் ஜெசப்பின் பெயரை இப்போட்டி தாங்கியுள்ளது. இரண்டு அணிகளுடன் தொடங்கிய போட்டியில் இன்று ஏறத்தாழ நூறு நாடுகளைச் சேர்ந்த பல நூறு சட்டக் கல்லூரிகள் பங்கேற்கின்றன. பல நாடுகளில் தகுதிச் சுற்றுகள் நடைபெறும். அவற்றில் வென்ற அணிகள் வாஷிங்டன் நகரில் இறுதிச் சுற்றுகளில் சந்திக்கும்.

வணிக வழக்குகளுக்கான வில்லெம் விஸ் போட்டி ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1994 முதல் நடைபெற்று வருகிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கான டெல்டர்ஸ் போட்டி 1977இல் தொடங்கப்பட்டது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் நடத்தும் இப்போட்டியின் இறுதிச் சுற்று, தி ஹேக் நகரில் பன்னாட்டு நீதிமன்றம் அமைந்துள்ள அமைதி அரண்மனையிலேயே நடைபெறுகிறது. நாடுகள் வழக்காடும் அதே மாளிகையில் இருபது வயது மாணவர்கள் எழுந்து நின்று பேசும் வாய்ப்பை இது தருகிறது.

எழுத்தில் தொடங்கும் பயணம்

மாதிரி நீதிமன்றப் போட்டியை மேடைப் பேச்சுப் போட்டி என எண்ணிவிடலாகாது. மேடைக்கு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே போட்டி தொடங்கிவிடுகிறது.

ஜெசப் போட்டியில் ஆண்டுதோறும் செப்டம்பர் மாத அளவில் சிக்கல் வெளியிடப்படுகிறது. கற்பனையான இரு நாடுகளுக்கிடையே எழும் பூசலே அச்சிக்கல். எல்லைத் தகராறு, ஆற்று நீர், அகதிகள், இணையவழித் தாக்குதல், பண்பாட்டுச் செல்வங்களை மீட்டல் என உலகம் அன்று எதிர்கொள்ளும் வினாக்களே அதில் இடம்பெறும். சிக்கலில் கண்ட உண்மைகளை மாற்றவோ புதியன சேர்க்கவோ எவருக்கும் உரிமையில்லை. கொடுக்கப்பட்ட உண்மைகளைக் கொண்டே வாதத்தை எழுப்ப வேண்டும்.

ஓர் அணியில் இருவர் முதல் ஐவர் வரை இருப்பர். அவர்கள் ஏறத்தாழ நான்கு மாதங்கள் நூலகத்திலேயே வாழ்கின்றனர் எனலாம். உடன்படிக்கைகள், பழைய தீர்ப்புகள், சட்ட அறிஞர்களின் நூல்கள் ஆகியவற்றைத் தேடிப் படிக்கின்றனர். பிறகு வழக்குத் தொடுக்கும் நாட்டுக்காக ஓர் எழுத்துரையும், எதிர்வழக்காடும் நாட்டுக்காக மற்றோர் எழுத்துரையும் அணியினர் உருவாக்குகின்றனர். பயிற்சி தரும் ஆசிரியர் பொதுவான வழிகாட்டலை மட்டுமே தரலாம். ஒரு வரியைக்கூட எழுதித் தரக்கூடாது என்பது விதி. எழுத்துரையின் முகப்பில் கல்லூரியின் பெயர் இராது. அணியின் எண் மட்டுமே இருக்கும். புகழ்பெற்ற கல்லூரியோ பெயரறியாத கல்லூரியோ, நடுவர்முன் இரண்டும் ஓர் எண் மட்டுமே.

முதல் எழுத்துரையை எழுதி முடிக்கும்போது, தம் நாட்டின் பக்கமே நியாயம் முழுவதும் இருப்பதாக மாணவர் நம்பத் தொடங்குகிறார். அடுத்த நாளே எதிர்ப்பக்கத்திற்கான எழுத்துரையைத் தொடங்க வேண்டும். நேற்றுத் தாம் கட்டிய கோட்டையின் விரிசல் எங்குள்ளது என்பதைத் தாமே தேட வேண்டும். இப்போட்டியின் கல்வி தொடங்கும் இடம் இதுவே.

ஓர் ஆறு, இரு நாடுகள்

மாணவர்கள் கற்பனைச் சிக்கலை ஆராயும்போது உண்மையான வழக்குகளையே துணைகொள்கின்றனர். ஆற்று நீர் பற்றிய சிக்கல் வரும்போதெல்லாம் அவர்கள் தவறாமல் படிக்கும் தீர்ப்பு ஒன்றுண்டு. அது டான்யூப் ஆற்றின் குறுக்கே அணை கட்டுவது தொடர்பாக அங்கேரிக்கும் சுலோவாக்கியாவுக்கும் இடையே நடந்த வழக்காகும்.

1977இல் அங்கேரியும் அன்றைய செக்கோசுலோவாக்கியாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. டான்யூப் ஆற்றில் காப்சிகோவோ, நாகிமரோஸ் என்னும் ஈரிடங்களில் கூட்டாக அணைகளும் மின்நிலையங்களும் அமைப்பது அதன் நோக்கம். பணிகள் நடந்துகொண்டிருந்தபோதே, இத்திட்டம் ஆற்றின் உயிர்ச்சூழலையும் தலைநகர் புடாபெஸ்ட்டின் குடிநீரையும் கெடுத்துவிடும் என்னும் அச்சம் அங்கேரியில் எழுந்தது. 1989இல் அங்கேரி தன் பணிகளை நிறுத்தியது. 1992இல் உடன்படிக்கையே முடிந்துவிட்டதாக அறிவித்தது. தன் பங்கிற்குப் பெரும்பொருள் செலவிட்டுப் பெரும்பகுதி வேலையை முடித்திருந்த செக்கோசுலோவாக்கியா, மாற்றுத் திட்டம் ஒன்றை வகுத்து, 1992 அக்டோபரில் தன் எல்லைக்குள்ளேயே ஆற்றைத் திருப்பியது. 1993இல் அந்நாடு இரண்டாகப் பிரிந்தபின் வழக்கு சுலோவாக்கியாவின் பொறுப்பாயிற்று. இரு நாடுகளும் படைகளை எல்லைக்கு அனுப்பவில்லை. இசைந்து பன்னாட்டு நீதிமன்றத்திற்கு வந்தன.

இவ்வழக்கில் அங்கேரியின் பக்கம் நின்று பேசும் மாணவர், “உடன்படிக்கை செய்த காலத்தில் அறியப்படாத கேடு இன்று அறியப்பட்டிருக்கிறது. ஆறு செத்தபின் உடன்படிக்கை யாருக்குப் பயன்படும்?” என்று கேட்கலாம். சுலோவாக்கியாவின் பக்கம் நிற்பவர், “நாடுகள் கொடுத்த வாக்கை நினைத்தபோது கைவிடலாம் என்றால், எந்த உடன்படிக்கையைத்தான் நம்புவது? உங்கள் சொல்லை நம்பித்தானே நாங்கள் கட்டினோம்?” என்று கேட்கலாம். இரண்டு வினாக்களும் வலிமையானவை. எதையும் சிரித்து ஒதுக்கிவிட முடியாது.

வழக்கின் நடுவே, 1997 ஏப்ரலில், நீதிபதிகள் ஆற்றங்கரைக்கே சென்று நேரில் பார்வையிட்டனர். வழக்குக்குரிய இடத்தை நீதிபதிகள் நேரில் காண்பது பன்னாட்டு நீதிமன்ற வரலாற்றில் அதுவே முதன்முறை. 1997 செப்டம்பர் 25ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பணியை நிறுத்தவும் உடன்படிக்கையை முடித்துக்கொள்ளவும் அங்கேரிக்கு உரிமையில்லை. ஆற்றைத் தானாகத் திருப்பிப் பயன்படுத்தச் செக்கோசுலோவாக்கியாவுக்கும் உரிமையில்லை. உடன்படிக்கை இன்னும் நடப்பில் உள்ளது. சுற்றுச்சூழலைக் கருத்திற்கொண்டு இரு நாடுகளும் பேசித் தீர்க்க வேண்டும். இரு தரப்பிலும் தவறு உண்டு என்றே நீதிமன்றம் கண்டது.

இத்தீர்ப்போடு இலங்கையைச் சேர்ந்த நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி தனிக் கருத்துரை ஒன்றையும் எழுதினார். வளர்ச்சியும் சுற்றுச்சூழல் காப்பும் ஒன்றையொன்று அழிக்காமல் இணைந்து செல்ல வேண்டும் என்பது புதிய கருத்தன்று. பழைய நாகரிகங்கள் அறிந்திருந்ததே என்று அவர் காட்டினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் முதன்மையானவை, இலங்கையின் பண்டைய ஏரிகளும் கால்வாய்களும் ஆகும். மழைநீரைத் தேக்கி, வண்டலைத் தடுத்து, வயலுக்கும் உயிரினங்களுக்கும் பகிர்ந்தளித்த ஏரிப்பாசன அறிவு, ஐரோப்பிய ஆறு பற்றிய வழக்கில் சட்டச் சான்றாக நின்றது. ஏரியும் மதகும் கலிங்கும் நிறைந்த தமிழ் மண்ணில் பிறந்த மாணவர் இக்கருத்துரையைப் படிக்கும்போது, உலகச் சட்டம் என்பது தொலைவில் உள்ள எவரோ எழுதியது என்னும் எண்ணம் நீங்குகிறது.

நாற்பத்தைந்து நிமிடங்கள்

எழுத்துரைக்குப் பின் வாய்மொழிச் சுற்று. ஜெசப் போட்டியில் ஒவ்வொரு தரப்புக்கும் 45 நிமிடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அதை இருவர் பகிர்ந்துகொள்கின்றனர். எதிர்த்தரப்புக்கு மறுமொழி கூறச் சில நிமிடங்களை அதிலிருந்தே ஒதுக்கி வைக்க வேண்டும். நேரங்காட்டும் அட்டையுடன் ஒருவர் அமர்ந்திருப்பார்.

மாணவர் எழுந்து, நடுவரை வணங்கி, மன்றத்தின் அனுமதி கோரித் தம் வாதத்தைத் தொடங்குவார். மனப்பாடம் செய்த உரையை முழுவதும் ஒப்பித்துவிடலாம் என்னும் எண்ணத்துடன் வருபவர், முதல் இரு நிமிடங்களுக்குள்ளேயே ஏமாற்றமடைவார். நடுவர் குறுக்கிடுவார். “இந்த உடன்படிக்கையில் உங்கள் நாடு கையெழுத்திட்டதா?” என்று கேட்பார். “நீங்கள் சுட்டும் தீர்ப்பின் அடுத்த பத்தி உங்களுக்கு எதிராக உள்ளதே?” என்று கேட்பார். “உங்கள் வாதத்தை ஏற்றால் நாளை வேறொரு நாடு இதையே காட்டி அத்துமீறலாமே?” என்றும் கேட்பார். விடை சொல்லிவிட்டு, விட்ட இடத்தைப் பிடித்து, மீண்டும் வாதத்தைத் தொடர வேண்டும். கடிகாரம் நிற்பதில்லை.

நடுவரின் வினாவைத் தாக்குதலாக எண்ணுபவர் தடுமாறுகிறார். ஐயமாக எண்ணுபவர் தெளிவாக விடையளிக்கிறார். இதனைப் பயிற்சியாளர்கள் மாணவர்களுக்கு மீண்டும் மீண்டும் கூறுவர். வினாவை முழுவதும் கேட்ட பிறகே வாய்திறக்க வேண்டும். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பின்னர்க் கூற வேண்டும். விடை தெரியாதபோது தெரியாது என ஒப்புக்கொண்டு, தெரிந்ததைக் கூற வேண்டும். தமக்கு எதிரான தீர்ப்பை மறைக்காமல், அது ஏன் இவ்வழக்குக்குப் பொருந்தாது என விளக்க வேண்டும். மறைத்தவர் பிடிபடும்போது வாதம் மட்டுமன்றி அவர்மீதுள்ள நம்பிக்கையும் வீழ்ந்துவிடும்.

பங்கேற்கும் மாணவர்களுள் பெரும்பாலோர்க்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. பிரேசில், இந்தோனேசியா, உக்ரைன், கென்யா எனப் பல நாடுகளின் உச்சரிப்புகள் ஒரே அறையில் ஒலிக்கும். தொடக்கத்தில் இது குறித்துக் கூச்சம் கொள்ளும் மாணவர், நடுவர்கள் உச்சரிப்பின் நயத்தை அன்றி வாதத்தின் ஒழுங்கையே எடைபோடுகின்றனர் என்பதை விரைவில் உணர்கிறார். சிறிய தொடர்களில், ஒரு நேரத்தில் ஒரு கருத்தை மட்டும் சொல்பவர் எளிதில் புரிந்துகொள்ளப்படுகிறார்.

தொடக்கச் சுற்றுகளில் ஓர் அணி இருமுறை வழக்குத் தொடுக்கும் நாடாகவும், இருமுறை எதிர்வழக்காடும் நாடாகவும் நிற்க வேண்டும். நேற்று எந்த வாதத்தை மறுத்தாரோ, அதே வாதத்தை இன்று மாணவர் தம் வாயால் சொல்கிறார். இது நேர்மையற்ற செயல் அன்றோ என்னும் ஐயம் எழலாம். நீதிமன்றத்தில் ஒரு தரப்பு பேசாமல் போனால் தீர்ப்பு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். மக்கள் வெறுக்கும் தரப்புக்கும் பேச ஒருவர் வேண்டும். அவ்வாறு பேசுபவர் பொய் சொல்வதில்லை. அத்தரப்பில் உள்ள மெய்யைத் தேடி எடுத்துவைக்கிறார். எது மேலோங்கும் என்பதை முடிவுசெய்வது நீதிபதியின் பொறுப்பு.

அமைதி அரண்மனை

போட்டிகளை ஒட்டியோ தனியாகவோ சட்ட மாணவர்கள் மேற்கொள்ளும் கல்விப் பயணங்களில் தி ஹேக் நகருக்குத் தனி இடமுண்டு. அங்குள்ள அமைதி அரண்மனை, அமெரிக்கச் செல்வர் ஆண்ட்ரூ கார்னகி வழங்கிய 15 இலட்சம் டாலர் கொடையால் எழுந்தது. உலக நாடுகள் பலவும் அதற்குத் தத்தம் மண்ணின் பொருள்களை அனுப்பின. கோபுரக் கடிகாரம் சுவிட்சர்லாந்து தந்தது. இரும்பு வாயிற்கதவுகள் செருமனி தந்தவை. பட்டுத் திரைச்சீலைகள் சப்பான் தந்தவை. மூன்று டன்னுக்கும் மேல் எடையுள்ள மணிக்கல் சாடி உருசியப் பேரரசர் அனுப்பியது. வாயிலருகே அமைதிச் சுடர் ஒன்று எரிகிறது. அதைச் சுற்றிப் பல நாடுகளிலிருந்து வந்த கற்கள் பதிக்கப்பட்டுள்ளன.

அரண்மனை திறக்கப்பட்ட நாள் 1913 ஆகஸ்டு 28. ஓராண்டு நிறைவதற்குள் முதல் உலகப்போர் மூண்டது. கதவை அனுப்பிய நாடும் சாடியை அனுப்பிய நாடும் ஒன்றையொன்று தாக்கின. அமைதிக்கெனக் கட்டிய மாளிகை போரைத் தடுக்கவில்லை. இவ்வரலாற்றைக் கேட்கும் மாணவர்களிடையே வாக்குவாதம் எழுவது இயல்பு. சட்டத்தால் என்ன பயன் என்று ஒரு சாரார் கேட்பர். மருத்துவமனை இருந்தும் நோயாளர் இறக்கின்றனர் என்பதற்காக மருத்துவமனையை மூடுவதுண்டா என்று மறுசாரார் கேட்பர்.

இம்மாளிகையில் இன்று இயங்குவது ஐக்கிய நாடுகள் அவையின் முதன்மை நீதி அமைப்பான பன்னாட்டு நீதிமன்றம். 1945இல் நிறுவப்பட்டு 1946இல் பணியைத் தொடங்கிய இம்மன்றத்தில் 15 நீதிபதிகள் உள்ளனர். அவர்களது பதவிக்காலம் ஒன்பது ஆண்டுகள். இங்கு வழக்காட இயல்வது நாடுகளுக்கு மட்டுமே. தனிமனிதர் வழக்குத் தொடுக்க முடியாது. நாடுகள் இசைந்தால்தான் வழக்கை விசாரிக்க முடியும். தீர்ப்பை நிறைவேற்ற மன்றத்திற்கெனக் காவல்படை ஏதும் இல்லை. இருந்தும் நாடுகள் வருகின்றன. பெரும்பாலான தீர்ப்புகளை ஏற்று நடக்கின்றன.

அதே நகரில் கடற்கரை மணல்மேடுகளுக்கு அருகே பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் உள்ளது. 1998இல் உரோம் நகரில் உருவான உடன்படிக்கை 2002 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்வழி அமைந்தது இம்மன்றம். இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்ற கொடுங்குற்றங்களுக்காக இங்குத் தனிமனிதர்கள் விசாரிக்கப்படுகின்றனர். பார்வையாளர் கூடத்துக்கும் மன்றத்துக்கும் இடையே கண்ணாடிச் சுவர் ஒன்று உள்ளது. காதில் ஒலிக்கருவியைப் பொருத்திக்கொண்டு மொழிபெயர்ப்பைக் கேட்கும் மாணவர்கள், பாடநூலில் படித்த ‘போர்க்குற்றம்’ என்னும் சொல்லுக்குப் பின்னால் ஊர்களும் குடும்பங்களும் இருப்பதை உணர்கின்றனர். கற்பனை வழக்கில் நேர்த்தியாகப் பேசிய வாய் அங்கே அடங்கிவிடுகிறது.

ஒரு பெயரின் பின்னணி

தி ஹேக்கிலிருந்து சிறிது தொலைவில் உள்ளது லெய்டன் நகரம். அதன் பல்கலைக்கழகம் 1575இல் தோன்றியது. மாணவர்கள் அங்குச் செல்லும்போது, டெல்டர்ஸ் போட்டிக்கு அப்பெயர் ஏன் வந்தது என்பதை அறிகின்றனர்.

1940 மே மாதம் செருமனியின் நாட்சிப் படைகள் நெதர்லாந்தைக் கைப்பற்றின. அவ்வாண்டு நவம்பரில் யூதப் பேராசிரியர்கள் பணியிலிருந்து விலக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் லெய்டனின் புகழ்பெற்ற உரிமையியல் சட்டப் பேராசிரியர் மேயர்ஸ். அவரிடம் பயின்றவரும் அன்றைய சட்டத்துறைத் தலைவருமான கிளெவெரிங்கா, நவம்பர் 26 அன்று மேயர்ஸ் பாடம் நடத்த வேண்டிய நேரத்தில் பெருங்கூடத்திற்கு வந்தார். ஆசிரியர் நீக்கப்பட்ட ஆணையைப் படித்தார். பின் தம் ஆசிரியரின் சட்டப் புலமையையும் அவர் ஆற்றிய பணியையும் எடுத்துரைத்தார். வசைச்சொல் எதையும் அவர் கையாளவில்லை. நீக்கப்பட்டவர் எத்தகையவர் என்று சொன்னதே நீக்கியவர்கள்மீதான தீர்ப்பாயிற்று. மாணவர்கள் அவ்வுரையைப் படியெடுத்து நாடெங்கும் பரப்பினர், வகுப்புகளைப் புறக்கணித்தனர். பல்கலைக்கழகம் மூடப்பட்டது. கிளெவெரிங்கா பல மாதங்கள் சிறையில் இருந்தார்.

அதே பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுச் சட்டப் பேராசிரியராக இருந்தவர் டெல்டர்ஸ். ஆக்கிரமித்த நாட்டுக்கும் சட்டத்தின் வரம்புகள் உண்டு என்று அவர் எடுத்துரைத்தார். 1940 டிசம்பரில் அவர் கைது செய்யப்பட்டார். பல சிறை முகாம்களில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தவர், 1945 ஏப்ரலில் பெர்கன்–பெல்சன் வதைமுகாமில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 42. அதே மாதத்தில்தான் அம்முகாம் விடுவிக்கப்பட்டது.

வெற்றிக் கோப்பையில் பொறிக்கப்பட்ட பெயர், சட்டத்தைச் சொன்னதற்காக உயிரை இழந்த ஆசிரியரின் பெயர் என்பதை அறியும் மாணவருக்குப் போட்டியின் பொருள் மாறிவிடுகிறது. மதிப்பெண்ணுக்காகப் பேசிய ‘பன்னாட்டுச் சட்டக் கடப்பாடு’ என்னும் தொடருக்கு விலை உண்டு என்பதை அவர் அறிகிறார். எவரும் பேசத் துணியாத காலத்தில் பேசுவதற்கான பயிற்சியே அச்சமற்ற காலத்தில் மாதிரி மன்றங்களில் நிகழ்கிறது.

இந்தியரின் பங்கு

பன்னாட்டுச் சட்ட மேடையில் இந்தியரின் பங்கு குறிப்பிடத்தக்கது. இந்திய அரசியலமைப்பு உருவாக்கத்தில் அறிவுரைஞராகப் பணியாற்றிய பெனகல் நரசிங்க ராவ், பன்னாட்டு நீதிமன்ற நீதிபதியாக 1952இல் பொறுப்பேற்றார். நாகேந்திர சிங் 1985 முதல் 1988 வரை அம்மன்றத்தின் தலைவராக விளங்கினார். மாணவர் அரங்கிலும் பெங்களூரில் உள்ள இந்தியத் தேசியச் சட்டப் பள்ளியின் அணிகள் 1999, 2013 ஆகிய ஆண்டுகளில் ஜெசப் கோப்பையை வென்றன.

எனினும் பன்னாட்டுப் போட்டிக்குச் செல்வது எல்லார்க்கும் எளிதன்று. பயணச் செலவும் நுழைவிசைவும் நூல்களின் விலையும் எளிய குடும்பத்து மாணவர்களுக்குத் தடைகளாக நிற்கின்றன. 2020இல் பெருந்தொற்றால் ஜெசப் போட்டியின் உலகச் சுற்றுகள் கைவிடப்பட்டன. 2021இல் அவை இணையவழி நடைபெற்றன. திரைக்கு முன் அமர்ந்து பேசுவதில் நேரடிச் சந்திப்பின் நிறைவு இல்லை. ஆயினும் விமானச் சீட்டு வாங்க இயலாத அணிக்கும் உலகச் சுற்றில் பேச இடமுண்டு என்பதை அவ்வாண்டு மெய்ப்பித்தது.

கோப்பைக்கு அப்பால்

போட்டியின் முடிவில் ஓர் அணி கோப்பையைப் பெறும். பல நூறு அணிகள் வெறுங்கையுடன் திரும்பும். ஆனால், எதிரில் அமர்ந்து தம் வாதத்தைக் கடுமையாக மறுத்தவருடன் சுற்று முடிந்ததும் கைகுலுக்கி, ஒரே மேசையில் உணவு உண்ணும் மாணவர், கருத்தை எதிர்ப்பது வேறு. மனிதரை எதிர்ப்பது வேறு என்பதைக் கற்றுக்கொள்கிறார். அவர்களுள் அனைவரும் உலக நீதிமன்றத்துக்குச் செல்லப்போவதில்லை. பலர் மாவட்ட நீதிமன்றங்களில் வரப்புத் தகராறும் வாய்க்கால் வழக்கும் நடத்துவர். அங்கும் எதிர்த்தரப்பின் சொல்லை முழுமையாகக் கேட்டு, அதில் உள்ள நியாயத்தை முதலில் தாமே ஒப்புக்கொள்ளும் வழக்குரைஞரால், பல ஆண்டு வழக்கைச் சில அமர்வுகளில் இணக்கமாக முடித்துவைக்க இயலும்.

இரு பக்கமும் நின்று பார்த்தவரே எப்பக்கம் நிற்க வேண்டும் என்பதைத் தெளிவாக அறிவார். டெல்டர்சும் கிளெவெரிங்காவும் காட்டியதைப்போல், அவ்வாறு அறிந்தபின் அந்தப் பக்கத்திலிருந்து விலகாமல் நிற்பதே சட்டம் கற்றவரின் கடமை.

தெரிந்து தெளிவோம்

பன்னாட்டு நீதிமன்றம், பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் ஆகிய இரண்டும் தி ஹேக் நகரிலேயே உள்ளன; எனினும் இரண்டும் வேறானவை. முன்னது ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பு. நாடுகளுக்கிடையேயான வழக்குகளை விசாரிப்பது. பின்னது தனி உடன்படிக்கையால் அமைந்தது. கொடுங்குற்றம் புரிந்த தனிமனிதர்களை விசாரிப்பது.

கலைச்சொல் விளக்கம்

எழுத்துரை – வாதங்களையும் சான்றுகளையும் தொகுத்து மன்றத்தில் முன்கூட்டியே அளிக்கும் எழுத்துவடிவ வாதம்.
உடன்படிக்கை – நாடுகள் தமக்குள் எழுத்துவடிவில் செய்துகொள்ளும் சட்டப் பிணைப்புள்ள ஒப்பந்தம்.
தனிக் கருத்துரை – தீர்ப்போடு உடன்படும் நீதிபதி, தம் காரணங்களைத் தனியே விளக்கி எழுதுவது.
நுழைவிசைவு – அயல்நாட்டுக்குள் நுழைய அந்நாடு வழங்கும் அனுமதி.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் ஏரி நீரைப் பகிர்வதில் இரு சிற்றூர்களுக்கிடையே எழும் பூசலைக் கற்பனை செய்து, வகுப்பறையில் மாதிரி நீதிமன்றம் ஒன்றை நடத்துக. ஒரே அணியினர் முதல்நாள் ஒரு சிற்றூருக்காகவும் மறுநாள் மற்றொன்றுக்காகவும் வாதிடுக.
2. நீங்கள் உறுதியாக மறுக்கும் கருத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஆதரவான மூன்று வலுவான காரணங்களை எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. மாதிரி நீதிமன்றம் என்றால் என்ன?
2. எழுத்துரையில் கல்லூரியின் பெயர் இடம்பெறாமைக்குக் காரணம் யாது?

சிறுவினா
1. டான்யூப் ஆற்று வழக்கில் நீதிபதி வீரமந்திரி முன்வைத்த கருத்தை எடுத்துரைக்க.
2. நடுவரின் வினாக்களை எதிர்கொள்ளும் முறைகளைத் தொகுத்து எழுதுக.

நெடுவினா
1. ‘எதிர்த்தரப்புக்காகவும் வாதிடப் பழகுவது நேர்மைக்கு எதிரானதன்று’ என்னும் கருத்தைப் பாடப்பகுதிவழி நிறுவுக.